தோற்பதற்காக நின்ற அவ்ரில் ட்ரான்டர்

அவ்ரில் ட்ரான்டரின் கை படாத தலை எங்கள் பக்கத்தில் அநேகமாகக் கிடையாது. வழுக்கை விழுந்தவர்கள்கூடத் தப்ப முடியாது. காதோரம் கொஞ்சம் மிச்சம் இருக்குமே, அதை ஒழுங்கு செய்யவும் அவள்தான் வருவாள். ஆர்ல்டன், நெதர்காட், ஃபாஸ்டோக் என்று மூன்று கிராமங்கள் சேர்ந்தது எங்கள் வார்டு. மூன்றிலும் முடி வெட்டும் கடை இல்லை. பச்சை நிறத்தில் ஒரு சின்ன வேன், பின்னால் துண்டுகள், சுருள் போடும் உருளைகள், தலைக்கு மேல் கவிழ்க்கும் ஒரு பழைய டிரையர் ஆகியவற்றோடு அவள் வீடு வீடாகப் போவாள். சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, கழுவும் தொட்டியில் தலையைச் சாய்த்து, வேலையை முடித்துவிட்டு, தரையையும் பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவாள்.

நானும் அவளும் ஆர்ல்டன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தோம். நெதர்காட்டில் ஒரு பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவரின் மகள் அவள். வகுப்பில் அவள் குரலைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. ஆசிரியை கேள்வி கேட்டால் கழுத்து வரைக்கும் சிவந்துபோய் நிற்பாள், பதில் தெரிந்தாலும் வராது. பதினைந்து வயதில் ஹெக்ஸ்பரி டவுனில் ஒரு சலூனில் வேலைக்குச் சேர்ந்தாள். கை நன்றாக இருந்தது, வாய்தான் இல்லை. "வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசணும்மா. இது கல்லறை இல்ல, சலூன்" என்று சொல்லி முதலாளியம்மா அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் அவள் சொந்தமாகச் சுற்றத் தொடங்கினாள். 

சலூனில் குறையாகப் போன விஷயம் கிராமத்தில் பெரிய குணமாகிவிட்டது. முடி வெட்டிக்கொள்ளும்போது மனுஷர்கள் எதையாவது கொட்டித் தீர்ப்பார்கள். மருமகள் செய்தது, டாக்டர் சொன்னது, மகன் சொல்லாமல் விட்டது. அவ்ரில் பின்னால் நின்று "ம்ம்" என்பாள். சில சமயம் பதிலும் சொல்வாள். தலைக்குப் பின்னால் நின்றால் அவளுக்கு வார்த்தை வரும், முகத்துக்கு எதிரே நின்றால்தான் வராது. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் அவள் சொன்னதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. கடையும் தபால் கவுன்டரும் வைத்திருக்கும் எனக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை.

அவள் கணவன் நாரிஸ் பால் லாரி ஓட்டுகிறவன். நல்ல மனுஷன். இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பேசும் வார்த்தைகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடிவிடலாம்.

இப்படிப்பட்டவளைத்தான் தொண்ணூற்றைந்தாம் வருஷம் டெஸ்மண்ட் பெல்லிங் தேர்தலில் நிறுத்தினார்.

டெஸ்மண்ட் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். அவருடைய கட்சிக்கு எங்கள் வார்டில் ஆள் என்று பார்த்தால் அவரும் அவருடைய அக்காவும்தான். அக்காவும் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டார். அந்தத் தடவை டெஸ்மண்ட் பக்கத்து வார்டில் நிற்பதாக முடிவாகியிருந்தது. எங்கள் வார்டுக்கு ஆள் வேண்டும். எங்கள் கவுன்சிலர் ஹம்ஃப்ரி வாட்லோ, எந்தக் கட்சியும் சாராதவர், மூன்று தேர்தலாக எதிர்த்து நிற்க ஆளில்லாமல் மாவட்டக் கவுன்சிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அது டெஸ்மண்டுக்குப் பொறுக்கவில்லை.

அவ்ரில் அவருக்கு முடி வெட்ட வந்தபோது விஷயத்தை எடுத்தார். அதைப் பின்னால் அவரே எத்தனையோ தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

"அவ்ரில், எனக்கு ஒரு பேரு வேணும். பேரு மட்டும்தான். ஓட்டுச் சீட்டுல வாட்லோ பேரோட இன்னொரு பேரும் இருக்கணும்."

"என் பேரா?"

"உனக்கு வேலையே இல்ல கண்ணு. நோட்டீஸ் நான் அடிச்சுக்கறேன்."

"கூட்டத்துல எல்லாம் பேச வேண்டாமா?"

"கூட்டமே கிடையாது."

"வீடு வீடா போய்க் கேக்க வேண்டாமா?"

"நீதான் தினமும் வீடு வீடா போறியே. போ, முடிய வெட்டு, வா. ஓட்டப் பத்திப் பேசவே பேசாத."

அவள் காதோரம் இரண்டு தடவை வெட்டினாள். பிறகு கேட்டாள். "நிச்சயமா ஜெயிக்க மாட்டேன் இல்ல?"

"வாட்லோவ எதிர்த்தா? இந்தப் பக்கத்துல பாதிப் பேரு அவருக்குச் சொந்தம். மீதிப் பேரு அவரோட டிராக்டர இரவல் வாங்கறவங்க. நீ ஜெயிச்சேன்னா நான் மீசைய எடுத்துடறேன், போதுமா?"

டெஸ்மண்டின் மீசை பெரிய மீசை. பள்ளிக்கூடத்தில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அதைக் கரும்பலகையில் வரைந்து அடி வாங்கியிருக்கிறார்கள். அந்த வாக்குறுதியை நம்பித்தான் அவ்ரில் சம்மதித்தாள். ஏன் சம்மதித்தாய் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "அவரு ரொம்ப நேரமா கெஞ்சினாரு. பாவமா இருந்துச்சு" என்றாள். வேறு காரணம் ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் முதலில் அவள் நேராகப் போனது வாட்லோ வீட்டுக்குத்தான். எதிர்த்து நிற்பதற்கு அவரிடமே அனுமதி கேட்க.

ஹம்ஃப்ரி வாட்லோவுக்கு அப்போது அறுபத்தைந்து இருக்கும். மனைவியை இழந்தவர், குவாரி மேட்டில் ஆடு வளர்க்கும் பண்ணைக்காரர். கதவு நிறைய நிற்கும் உடம்பு, தெரு முழுக்கக் கேட்கும் குரல். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவ்ரில் அவருடைய சமையலறையில் அவருக்கு முடி வெட்டுவாள். அந்த நேரம் முழுக்க கவுன்சிலில் நடந்ததையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"நீயா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் அடுப்படியில் படுத்திருந்த நாய் எழுந்துவிட்டதாம். "நல்லது, ரொம்ப நல்லது. எதிர்க்க ஆளே இல்லன்னா ஜெயிச்ச மாதிரியே இருக்கறதில்ல அவ்ரில். உனக்கு ஆதரவா கையெழுத்துப் போட பத்துப் பேரு வேணுமே, கெடச்சாங்களா? பேனாவக் கொடு, நான் முதல் கையெழுத்துப் போடறேன்."

டெஸ்மண்ட் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "எதிரியே நம்ம ஆளுக்குக் கையெழுத்துப் போட்டா ஊரு சிரிக்கும்" என்றார்.

"நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்" என்று அவ்ரில் வாட்லோவிடம் சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபடியே செய்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாம் டெஸ்மண்ட் கணக்குப்படியே போயிருக்கும், அந்தக் கழிப்பறை மட்டும் இல்லாவிட்டால்.

ஆர்ல்டன் புல்வெளி ஓரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், கல்லால் கட்டிய ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுத்தமாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் மாவட்டக் கவுன்சில் அதைப் பூட்டிவிட்டது. செலவு கட்டவில்லையாம். புதன்கிழமை சந்தைக்கு ஹெக்ஸ்பரி போக, மூன்று கிராமத்துப் பெண்களும் வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பது அங்கேதான். சுற்றி வளைத்து வரும் பஸ். பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து, ஒரு தபால்தலை வாங்கிவிட்டு, தயங்கித் தயங்கி என் மனைவியைக் கேட்பார்கள். எங்கள் மாடிக் கழிப்பறைக்கு வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது.

பூட்டுவதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் எங்கள் வாட்லோவும் ஒருவர் என்ற செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. ஐடா காஸேஜ் அதைக் கடையில் வைத்து உரக்கப் படித்தார். எண்பதைத் தாண்டிய கிழவி, நாக்கு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. அந்தச் சமயம் வாட்லோ புகையிலை வாங்க உள்ளே வந்தார்.

"வாங்க கவுன்சிலரய்யா" என்றார் ஐடா. "உங்களுக்கென்ன, உங்க வயல்ல எல்லா வேலி ஓரமும் உங்களுக்குச் சொந்தம். பொம்பளைங்க நாங்க எங்க போறது?"

"மிஸஸ் காஸேஜ், அது பட்ஜெட் சம்பந்தப்பட்ட விஷயம்..."

"இது அதைவிட அவசரமான விஷயம்பா!"

கடையே சிரித்தது. வாட்லோ சிவந்துபோய்ப் புகையிலையை மறந்துவிட்டுப் போனார். அவர் மட்டும் அன்றைக்கு நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேர்தல் வேறு மாதிரி போயிருக்கும். சொல்லவில்லை. ஓட்டு கேட்டும் அவர் எங்கும் போகவில்லை. இத்தனை வருஷம் போக வேண்டியிருக்கவில்லையே.

மே மாதம் முதல் வியாழன், ஊர் மண்டபத்தில் ஓட்டுப் பதிவு. மடக்கு மேஜை, கயிற்றில் கட்டிய பென்சில், வாசலில் எஜமானர்களுக்காகக் காத்திருக்கும் நாய்கள். என் மனைவி உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு டீ கொண்டுபோயிருந்தாள். ஐடா கோலை ஊன்றிக்கொண்டு வந்து சீட்டை வாங்கினார்.

"கண்ணாடிய மறந்துட்டேன். இதுல அவ்ரில் பேரு மேல இருக்கா, கீழ இருக்கா?"

"அத நாங்க சொல்லக் கூடாதும்மா" என்றார் அதிகாரி.

"சொல்ல வேண்டாம். அவ ட்ரான்டர், அவரு வாட்லோ. டபிள்யூவுக்கு முன்னாடிதான் டி வரும். பள்ளிக்கூடத்துல அது ஒண்ணுதான் எனக்கு ஏறிச்சு."

அன்றைக்கு அவ்ரில் வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தாள். அது வாட்லோவின் வியாழக்கிழமையும்கூட. மறுநாள் எண்ணிக்கைக்குப் போகும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று, கழுத்தோரம் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கச் சொன்னாராம். எடுத்துவிட்டாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார். இருவரும் ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஹெக்ஸ்பரி டவுன் ஹாலில் எண்ணினார்கள். டெஸ்மண்ட் தன் வார்டு மேஜைக்குப் போக வேண்டியிருந்ததால் எங்கள் வார்டு மேஜையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டிப்போயிருந்தார். அவ்ரில் வரவே மாட்டேன் என்றாள். "தோத்தவங்க வந்து கை கொடுக்கணும், அதுதான் மரியாதை" என்று டெஸ்மண்ட் சொன்னதால், நாரிஸ் தன் பால் லாரியில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து டவுன் ஹால் வாசலில் இறக்கினான். வேலைக்குப் போடும் நீல மேலங்கியோடுதான் வந்தாள். 

சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அடுக்கும் ஒன்றாகவே உயர்ந்தன. முதலில் நான் ஏதோ தவறாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். அதிகாரி வந்து அவ்ரிலையும் வாட்லோவையும் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் அவ்ரில் ட்ரான்டர்.

"மறு எண்ணிக்கை கேக்கறீங்களா மிஸ்டர் வாட்லோ?"

வாட்லோவின் முகத்தில் ரத்தமே இல்லை. "வேண்டாம். இவங்க நல்லாத்தான் எண்ணியிருப்பாங்க" என்றார். அவ்ரிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே வெளியே போய்விட்டார். தொப்பி நாற்காலியிலேயே கிடந்தது.

அவ்ரில் அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், இத அவருக்கே கொடுத்துட முடியாதா?"

"முடியாதும்மா. ஓட்டு மக்களோடது."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"நீங்க ராஜினாமா பண்ணலாம். அப்புறம் இன்னொரு தேர்தல் வைக்கணும்."

அவள் அழ ஆரம்பித்தாள். மேடையில் பெயர் சொன்னபோதும் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். தன் வார்டில் படுதோல்வி அடைந்திருந்த டெஸ்மண்ட் ஓடி வந்தார். அவர் முகத்தில் வெற்றிக்களை இல்லை, பயம்தான் இருந்தது.

"நீங்க சத்தியம் பண்ணீங்க" என்றாள் அவ்ரில்.

"ஆமா கண்ணு."

"மீசைய எடுக்கறேன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் மீசை இல்லாமல் கடைக்கு வந்தார். ஊரில் ஒருவருமே அவருடைய மேலுதட்டை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் அவ்ரிலின் கஷ்டகாலம் தொடங்கியது. வாட்லோவின் அடுத்த வியாழக்கிழமை வந்தபோது அவர் போன் செய்து, "இந்த மாசம் வேண்டாம்மா, குட்டி போடற ஆடு இருக்கு" என்றார். ஜூன் மாதத்தில் எந்த ஆடு குட்டி போடும்? அடுத்த மாதம் தலைவலி என்றார். அதற்கடுத்த மாதம் போனே வரவில்லை. ஹெக்ஸ்பரியில் வேறு யாரிடமாவது போய் வெட்டிக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. முடி வளர்ந்தது. காதை மூடியது, காலரைத் தொட்டது. இலையுதிர் காலத்தில் தேவாலயத்தில் அவரைப் பின்னாலிருந்து பார்த்த ஒரு வெளியூர்க்காரர், யாரோ ஒரு பெரிய அம்மாள் என்று நினைத்து இடம் விட்டு எழுந்தாராம். ஊரில் எல்லோருக்கும் சிரிப்பு. அவ்ரில் மட்டும் சிரிக்கவில்லை.

"கோவமா இருந்தா திட்டிடலாமே" என்று என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டாள். "அந்த முடிய வளத்துக்கிட்டு என் முன்னாடி நடக்கறாரே, அதுதான் தாங்கல."

கவுன்சிலிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்துக்குப் போவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், கை தூக்க வேண்டிய இடத்தில் தூக்குவாள், வந்துவிடுவாள். ஐடா காஸேஜ் விடவில்லை.

"பேசாம உட்கார்ந்திருக்கறதுக்கா உன்ன அனுப்பினோம்? அதுக்கு அந்த மனுஷனே போதுமே, அவரு தூங்கவாவது செஞ்சாரு."

"எனக்குப் பேச வராது ஐடா. உங்களுக்குத் தெரியும்."

"என்கிட்ட இப்ப பேசறியே?"

"உங்க தலைக்குப் பின்னாடி நிக்கறேன்."

ஐடா "அங்க நீ எங்க உட்காருவ?" என்று கேட்டார். கடைசி வரிசை என்றாள் அவ்ரில். "அப்ப எல்லாத் தலைக்கும் பின்னாடிதானே இருக்க!" என்றார் ஐடா.

நவம்பர் கூட்டத்தில் கழிப்பறைகளைத் திரும்பத் திறக்கும் பேச்சு வந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் அவ்ரில். அதை எழுதிக் கொடுத்தது டெஸ்மண்ட். நானும் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். தலைவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள். கழுத்து சிவந்தது. பள்ளிக்கூடத்து அவ்ரில்தான் கண்முன் நின்றாள். எனக்கே வியர்த்தது. டெஸ்மண்ட் எழுதிக் கொடுத்த பேச்சு கையில் இருந்தது, அதை அவள் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"புதன்கிழமை எங்க ஊர்லருந்து பஸ்ல வர்ற வயசான பொம்பளைங்க, காலையிலருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கறதில்ல. ஏன்னு யாரும் கேக்கல. அவங்களும் சொல்ல மாட்டாங்க, வெக்கம். என்கிட்ட சொன்னாங்க. பேரு சொல்ல மாட்டேன். போன மாசம் ஒருத்தங்க பஸ்லயே மயங்கி விழுந்தாங்க. தண்ணி குடிக்காததாலன்னு டாக்டர் சொன்னாரு. அந்தக் கதவத் தெறந்து விட்டீங்கன்னா அவங்க டீ குடிப்பாங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். அறையில் யாரோ இருமினார்கள். அதிகாரி ஒருவர் செலவு விவரம் சொன்னார். ஓட்டெடுத்தார்கள். அவ்ரில் தோற்றாள், கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை.

அப்போது என் வரிசையின் மறுகோடியிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. ஒற்றை ஆள், பெரிய கைகள். தலைவர் சுத்தியலைத் தட்டினார். "பார்வையாளர்கள் அமைதியா இருக்கணும், மிஸ்டர் வாட்லோ. உங்களுக்கே விதி தெரியும்."

"தெரியும் தலைவரே. அதனாலதான் முழுசா தட்டி முடிச்சுட்டு நிறுத்தலாம்னு இருக்கேன்."

கூட்டம் முடிந்து அவ்ரில் வெளியே வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். குளிர்காற்றில் முடி நாலாபக்கமும் பறந்தது.

"தோத்தாலும் எழுந்து நின்னு நன்றி சொல்லணும். அத விட்டுட்ட" என்றார்.

"எனக்குத் தெரியாது மிஸ்டர் வாட்லோ."

"யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு? நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கணும்." கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். "அவ்ரில், அன்னைக்கு நான் கை தூக்கினது பக்கத்து வார்டுல இருக்கற நெதர் ஆர்ல்னு நெனச்சு. அங்க ஒண்ணு இருக்கு, யாரும் போறதில்ல. அதத்தான் மூடறாங்கன்னு பாத்தேன். கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன். நம்ம ஊருன்னு பத்திரிகையிலதான் படிச்சேன்."

"அத அன்னைக்கே ஐடாகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது, கடையில நின்னுகிட்டு?"

அவ்ரில் அவரையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது என்று நினைக்கிறேன். "அந்தச் சுவத்து மேல உட்காருங்க" என்றாள். "எதுக்கு?" என்றார். அவள் அதற்குள் வேன் கதவைத் திறந்துவிட்டாள்.

நவம்பர் குளிரில், மாவட்டக் கவுன்சில் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், தாழ்ந்த மதில்மேல் முன்னாள் கவுன்சிலர் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்க, இந்நாள் கவுன்சிலர் முடி வெட்டினாள். மாடி ஜன்னல்களில் குமாஸ்தாக்கள் கூடிவிட்டார்கள். தலைவர் தன் காரை எடுக்க வந்து, எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நரைமுடி கொத்துக் கொத்தாகக் காற்றில் போனது. வாட்லோ அவருக்கே உரிய குரலில் பேசத் தொடங்கிவிட்டார். "மாவட்டம் தெறக்காது அவ்ரில். எத்தன தடவ கேட்டாலும் தெறக்காது. ஆனா ஊர்க் கவுன்சிலுக்கு அத எழுதிக் கொடுத்துடச் சொல்லிக் கேளு. அவங்களுக்கும் தொல்ல விட்டுது. ஊர்க் கவுன்சில்ல நான் இன்னும் இருக்கேன் இல்ல?"

"யாரு சுத்தம் பண்றது? யாரு பூட்டித் தெறக்கறது?"

வசந்தகாலத்தில் மாவட்டம் அதை ஊர்க் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தது. கழிப்பறையின் சாவி வாட்லோவிடம்தான் வந்தது. ஆடுகளைப் பார்த்துவிட்டு, ரப்பர் காலணியோடு இறங்கி வந்து, தினமும் காலையில் அவர்தான் கதவைத் திறந்தார். வாளியும் துடைப்பமுமாக அவரைப் பார்த்த முதல் புதன்கிழமை, ஐடா காஸேஜ் பஸ்ஸையே விட்டுவிட்டார். "இப்பத்தான் எங்களுக்கு ஒரு உருப்படியான கவுன்சிலர் கெடச்சிருக்காரு" என்றார்.

"உள்ள போங்க மிஸஸ் காஸேஜ்" என்றார் வாட்லோ. "அவசர விஷயம்னு அன்னைக்குச் சொன்னீங்களே."

அவ்ரில் முழுப் பதவிக்காலமும் இருந்தாள். பேச்சாளியாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு நாலைந்து தடவை எழுந்திருப்பாள், ஒவ்வொரு தடவையும் கழுத்து சிவக்கும், ஒரு நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அவள் எழுந்தால் பக்கத்துப் பேச்சு நின்றுவிடும் என்று அங்கிருந்த ஒரு குமாஸ்தா என்னிடம் சொன்னார். ஃபாஸ்டோக்கில் கவுன்சில் வீடுகளின் கூரை ஒழுகியதைச் சரிசெய்ய வைத்தாள். நெதர்காட்டுக்குப் போக வேண்டிய குப்பை வண்டி பாலத்தைத் தாண்டாமலே திரும்பிப் போனதைத் தடுத்தாள். வீட்டில் நாரிஸ் சமைக்கக் கற்றுக்கொண்டான். முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும்தான், ஆனால் நன்றாகச் செய்வான்.

அடுத்த தேர்தலில் யாரும் கெஞ்சவில்லை. அவளே நிற்பதாகச் சொன்னாள். டெஸ்மண்ட் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். இந்தத் தடவை அவள் வீடு வீடாக, கத்தரிக்கோல் பெட்டி இல்லாமல், வெறும் கையோடு போய்க் கதவைத் தட்டினாள். முகத்துக்கு எதிரே நின்று ஓட்டுக் கேட்டாள். மேட்டு வீடுகளுக்கு வாட்லோ தன் லேண்ட் ரோவரில் கூட்டிப்போனார். வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்காமலே, "அவ்ரில் வந்திருக்கா, வெளிய வாங்கய்யா!" என்று கத்துவார். அவள் வெட்கத்தில் டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்துகொள்வாள்.

தோற்றுவிட்டாள். ஃபாஸ்டோக்கில் புதிதாகக் குடிவந்திருந்த ஜைல்ஸ் என்ற இளைஞன், நல்ல பேச்சுக்காரன், சுலபமாக ஜெயித்தான். டவுன் ஹாலில் அவனுக்குக் கை கொடுத்தாள். எழுந்து நின்று நன்றியும் சொன்னாள், தடுமாறாமல். வாட்லோதான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கடைக்கு ரொட்டி வாங்க வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"முதல்ல ஜெயிச்சப்ப வேண்டாம்னு அழுதேன்" என்றாள். "இன்னைக்கு அழல. ஆனா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நான் நெனக்கவே இல்ல. ஆச்சரியமா இல்ல?"

திங்கட்கிழமை காலை அவளுக்கு முதல் வீடு நெதர்காட்டில் லெட்டி ஹார்ப்பர் அம்மாள் வீடு. தலைக்குச் சுருள் போட்டுக்கொண்டிருக்கும்போது லெட்டி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "அவ்ரில், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சுக்காத. நான் அந்தப் பையனுக்குத்தான் போட்டேன்" என்றார்.

அவ்ரில் உருளையைப் பிடித்தபடி நின்றாள். "ஏன் லெட்டி? நான் எதுவும் தப்பா செஞ்சேனா?"

"தப்பா? குப்ப வண்டிய நீதானே கொண்டுவந்த. ஆனா நாலு வருஷமா நீ ஒரு தடவகூட நேரத்துக்கு வந்ததில்ல கண்ணு. கமிட்டி, கூட்டம், சைட்டப் பாக்கறதுன்னு. எம் பேத்தி கல்யாணத்துக்கு நான் பாதிச் சுருளோட போனேன். இங்க பக்கத்து வீட்டு மூணு பேரும் அப்படித்தான் போட்டாங்க. எங்களுக்குக் கவுன்சிலரு யாரு வேணும்னாலும் வருவாங்க. முடி வெட்ட யாரு வருவா?"

அவ்ரில் சிரித்தாள். நின்றபடி சிரிக்க முடியாமல், லெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தாள். லெட்டி பாதிச் சுருளோடு, முதலில் பயந்து, பிறகு சேர்ந்து சிரித்தார். டீ ஆறிப்போய், வேறு டீ போட வேண்டியிருந்தது. அதனால் அடுத்த வீட்டுக்கு அன்றைக்கும் அவள் நேரத்துக்குப் போகவில்லை.